ஏழு குழிகளில் இருந்த மண்

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் என்னை யாரும் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன். போன மாசம் நந்தினி பாளையங்கோட்டையில் என் வீடு தேடி வந்தாள். நான் வேலை பார்த்த அகழாய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அதிகாரி. மேடம் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்கிறாள், அதனால் பேர் சொல்லியே எழுதுகிறேன்.

"அம்மா, நம்ம தோண்டுன மேட்டுல சின்னதா ஒரு காட்சிக்கூடம் கட்டுதோம். அதுல ஒரு பலகை இருக்கு, அத உங்கள வச்சுத்தான் எழுத முடியும்" என்றாள். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய களக்குறிப்பேட்டின் ஒரு பக்கம். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் டைரக்டர் சாரின் எழுத்து. 'பாய்த்தறியாக இருக்கலாம். சொன்னவர்: ஆயிஷா பீவி, வேலையாள்.'

"அச்சடிச்ச அறிக்கையில இது இல்லம்மா. வெறும் கூரைன்னு போட்டிருக்கு. நான் பாத்த அறிக்கை எதுலயும் வேலை பாத்த பொம்பளை ஒருத்தி பேரு கூட இல்ல. இதுலதான் மொத தடவையா பாக்கேன். அங்கன இருந்தது நீங்க. நடந்தத எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்தம்மா பேரப் பலகையில ஏத்திருதேன்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்றையிலிருந்து எழுதுகிறேன், கிழிக்கிறேன். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

நான் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பத்தாவது தேறியிருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கொற்கைக்குப் போகிற வழியில் ஆற்றை ஒட்டி ஒரு மேட்டைத் தோண்டுகிறார்கள், பெண் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் சீசனில் பானை ஓடு கழுவினேன். அடுத்த சீசனில் கழுவினதைத் தரம் பிரித்தேன். மூன்றாவது சீசனில் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். அப்படியே வேலையும் நிரந்தரமானது. காகிதத்தில் கடைசி வரை நான் அலுவலக உதவியாளர்தான். டீ வாங்கிக் கொடுக்கிற வேலை என்று என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைக்கட்டும்.

மேட்டில் ஆண்கள் கொத்துவார்கள். பெண்கள் மண் சுமப்போம், சலிப்போம், கழுவுவோம், பிரிப்போம். ஒரு பாசிமணி அகப்பட்டால் அது பெரும்பாலும் அகப்படுவது சல்லடையில். சல்லடை இருப்பது எங்கள் கையில். ஆனால் பத்திரிகைக்காரர்கள் வந்தால் மம்பட்டி பிடித்தவனைத்தான் படம் எடுப்பார்கள். அன்றாடக் குறிப்பில் ஆண்களைப் பேர் சொல்லி எழுதுவார்கள், எங்களைப் 'பெண்கள், பதினான்கு பேர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகப் போட்டோவில் எங்களைப் பார்க்க முடியாது. படம் எடுக்கும் முன் எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். கூடை கிடக்கக் கூடாது, செருப்புத் தடம் இருக்கக் கூடாது, ஆள் நிழல்கூட விழக் கூடாது. அளவுகோல் மட்டும் நிற்கும். அது முறை, அதில் தப்பு இல்லை. ஆனாலும் அத்தனை படங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால், அந்தக் குழிகள் தானாகவே தோண்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். கழுவின ஓட்டை நேர் வெயிலில் போடக் கூடாது, நிழலில் சாக்கு விரித்துக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் உள்பக்கத்தில், விளிம்பிலிருந்து தள்ளி, நகம் அகலத்துக்கு வார்னிஷ் ஒரு கோடு. அது காய்ந்தபின் கறுப்பு மையைத் தொட்டு நிப்பால் ஊரைக் குறிக்கிற எழுத்து, டிரெஞ்சு எண், எத்தனையாவது மண்ணடுக்கு, இவ்வளவையும் எறும்பு அளவில் எழுத வேண்டும். மேலே இன்னொரு தடவை வார்னிஷ். டிரெஞ்சு என்பது தோண்டுகிற சதுரம், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். எண்ணை மாற்றி எழுதிவிட்டால் அந்த ஓடு ஊர் பேர் இல்லாத அனாதை, தூக்கி எறிய வேண்டியதுதான். ஓடு காயவைத்துப் பிரிக்கிற ஓட்டுக்களத்தில் ஒரு சாக்கு ஓட்டை இன்னொரு சாக்கோடு யாராவது கலந்துவிட்டால் நான் ஆடுகிற ஆட்டத்தில் பெண்கள் ஓடி ஒளிவார்கள். அவ்வளவு கறாரான மனுஷி நான். அதனால்தான் சொல்ல வருவதைச் சொல்ல இத்தனை தயங்குகிறேன்.

டைரக்டர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்துக்காரர், ஒல்லி, நெட்டை. கூடை தூக்குகிற பிள்ளையைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். என்னை மட்டும் பழக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். நாம் பதில் சொன்ன பிறகும் அப்படியே நிற்பார். அந்த நிற்பில் நமக்கு வியர்க்கும், சொன்னதற்கு மேல் நாலு வார்த்தை உளறுவோம். அதையும் குறித்துக்கொள்வார். நல்ல மனுஷர். ஆனால் வேலையாட்களிடம் 'இது என்னவாக இருக்கும்' என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்தாரா, தோன்றவே இல்லையா, தெரியவில்லை.

ஆயிஷா வந்து சேர்ந்தது அந்த மேட்டில் இரண்டாம் முறை தோண்டியபோது. சொந்த ஊர் பத்தமடை, கலியாணமாகி எங்கள் பக்கம் வந்தவள். பிறந்த வீட்டில் பாய் நெய்வார்கள், சின்ன வயசிலேயே தறியில் உட்கார்ந்தவள். எங்கள் ஊர்ப்பக்கம் பாய் விரித்துப் படுப்போமே தவிர, அதை எப்படி நெய்கிறார்கள் என்று எங்களுக்கு என்ன தெரியும்? அவள் கூடை தூக்கினாள், சலித்தாள். அதிகம் பேச மாட்டாள். மூன்று சீசன் தொடர்ந்து வந்தாள்.

அவள் வந்த மூன்றாவது சீசன் தொடங்கிய வாரம். முந்தின வருஷம் பாதியில் நிறுத்திய டிரெஞ்சுகளை மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். நடுவில் தண்ணீர் தேங்காமல் இருக்க உள்ளே மூங்கிலை ஊன்றி முட்டுக் கொடுப்பது வழக்கம். காவல் பார்த்த சுடலைமுத்து அண்ணாச்சி அதைச் செய்வார். ஐப்பசி மழையில் ஒரு நாள் நானும் இறங்கி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மூங்கில். அது எந்த டிரெஞ்சு? நாலாவதா, ஐந்தாவதா? இந்த ஒன்றைத்தான் இருபது வருஷத்துக்கு மேலாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தார்ப்பாயை எடுத்து, நாலாவது டிரெஞ்சின் தரையை மேலாகச் சுரண்டியதும் வட்டம் வட்டமாக நிறம் மாறித் தெரிந்தது. மூலைக்கு ஒன்றாக நாலு, நடுவில் மூன்று. கம்பம் நட்ட குழி அப்படித்தான் தெரியும். கம்பம் மக்கிப் போய், அந்த இடத்தில் வேறு மண் இறங்கியிருக்கும். இதற்கு ஒரு முறை உண்டு. குழியை நேர்பாதியாகப் பிளந்து ஒரு பாதி மண்ணை மட்டும் எடுக்க வேண்டும், மறுபாதியை அப்படியே விட்டுப் படம் வரைய வேண்டும். மண் இறுகி, சாம்பல் கலந்து இருந்தால் பழசு. பொலபொலவென்று இருந்தால் நேற்றைய குழி, எலி வளை, முட்டுக் கம்பு, என்னவாகவும் இருக்கலாம்.

அன்றைக்குப் பார்த்து அந்த டிரெஞ்சைக் கவனித்த பையனுக்குக் காய்ச்சல். பதினொரு மணிக்கு டைரக்டர் சார் வருகிறார், போட்டோ எடுக்க வேண்டும், செல்வி நீ இறங்கிச் சுத்தம் பண்ணு என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சுத்தம் என்றால் ஒரு வெறி. ஆயிஷாவைச் சல்லடைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பெண்களை இறக்கி, நானும் இறங்கினேன். தரையைப் பொங்கலுக்கு வாசல் கூட்டுகிற மாதிரிக் கூட்டித் துடைத்தோம். குழிகளையும் விடவில்லை. கரண்டியை விட்டு, கையை விட்டு, ஏழு குழியையும் அடி தெரியும்வரை வழித்து எடுத்தேன். வேறு யார் செய்திருந்தாலும் அன்றைக்கு அவர்களைப் பிய்த்து எறிந்திருப்பேன். பாதியை விடணும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. எப்படி மறந்தேன் என்பதுதான் தெரியவில்லை. அந்த மண் கூடையில் போய், மற்ற மண்ணோடு குப்பை மேட்டில் விழுந்தது.

சார் வந்தார். பார்த்தார். வழித்த குழிகளைக் கண்டும் முகம் மாறவில்லை. "கம்பக்குழி. கூரை போட்டிருக்காங்க" என்றார், குறிப்பேட்டைத் திறந்தார். மேலே நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். "சார், இது கூரை இல்ல. பாய்த்தறி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிஷா. அவள் அத்தனை பேர் முன்னால் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

சார் நிமிர்ந்தார். "எப்படிச் சொல்றீங்க? இறங்கி வாங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். "இந்த நாலும் முளை அடிச்ச குழி சார். இங்கன ரெண்டுலயும் ஒரு மூங்கில கட்டுவோம், அங்கன ரெண்டுலயும் ஒண்ணு. நடுவுல பாவு நூலு நீளவாக்குல ஓடும். இந்த மூணும் முக்காலி நின்ன எடம். மூணு கம்ப மேல சேத்துக் கட்டி அதுலதான் பாவு நூலத் தூக்கி நிப்பாட்டுவோம். நெய்ய நெய்ய அத பைய நகத்திக்கிட்டே போவோம். அதான் இது மூணும் ஆழம் இல்லாம கெடக்கு, பாருங்க. எங்க வீட்ல பொம்பளையளுக்கு இதுதான சார் வேலை."

நடு மூன்றும் ஆழம் குறைவுதான். கூரைக்கு அது ஏன் என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. சார் குந்தி உட்கார்ந்தார். குழிக்கும் குழிக்கும் நாடா வைத்து அளந்தார். அவள் பேரைக் கேட்டு எழுதினார். ஒரு தொழில் நடந்த இடம், அதுவும் பெண்கள் தொழில் நடந்த இடம், அதைக் கண்டு சொன்னவளும் கூடை தூக்குகிற ஒரு பெண். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்களில் ஒருத்தி பேர் அந்த ஏட்டில் ஏறுகிறதே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "செல்வி, குழியில மண்ணு எப்படி இருந்தது? இறுகலா, பொலபொலன்னா?"

வழிக்கும்போது ஒரு குழியில் நகம் பிய்ந்தது. அது மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது. மற்ற ஆறும்? சத்தியமாகத் தெரியவில்லை. நான் மண்ணைப் பார்க்கவில்லை, சுத்தத்தைப் பார்த்தேன்.

"இறுகல் சார்" என்றேன்.

அவர் நின்றார்.

"ஏழும் இறுகல் சார். சாம்பல் கலந்த மண்ணு."

"மழைக்கு முட்டுக் கொடுத்ததா இருக்குமோ?"

"இல்ல சார். அது பக்கத்து டிரெஞ்சு."

எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? தெரியவில்லை என்று சொன்னால் ஆயிஷா சொன்னது காற்றில் போய்விடும் என்று பயந்தேன். அது மட்டுமா? மண்ணைப் பார்க்காமலே வழித்த என் தப்பு வெளியே வந்துவிடும் என்றும் பயந்தேன். எந்தப் பயம் முதலில் வந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் என்னைப் பார்த்தார், ஏட்டை மூடினார், போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அறிக்கை அச்சாகி வந்தது. 'கம்பக்குழிகள், கூரை அமைப்பாக இருக்கலாம்.' பாயும் இல்லை, தறியும் இல்லை, ஆயிஷாவும் இல்லை. ஓட்டுக்களத்தில் உட்கார்ந்து அழுதேன். கூடைக்காரி பேச்சை எவன் அச்சில் ஏற்றுவான் என்று ஒரு நாள் கொதிக்கும். என் பொய் அவருக்கு வாடை அடித்திருக்கும், அதனால் முழுசையும் அடித்துவிட்டார் என்று மறுநாள் தோன்றும். கேட்க வாய் வரவில்லை. அவர் இப்போது இல்லை. மூங்கில் ஊன்றிய அண்ணாச்சியும் இல்லை.

நந்தினி வந்துவிட்டுப் போன பிறகு ஒரு வாரம் புரண்டேன். கையெழுத்துப் போட்டால் பொய்யைக் கல்வெட்டாக்கின மாதிரி. போடாவிட்டால் ஆயிஷாவுக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்க இருக்கிற ஒரே இடமும் போச்சு. மூன்று சீசன் மண் சுமந்தவளுக்கு வேறு எந்தத் தாளில் பேர் இருக்கிறது? கடைசியில் பஸ் ஏறிவிட்டேன். புருஷன் இறந்தபின் அவள் பத்தமடைக்கே போய்விட்டாள், தம்பி வீட்டில் இருக்கிறாள்.

முன்னறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "யக்கா, நீங்களா! வழி தவறி வந்துட்டியளா?" என்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டீ வந்தது. பலகை விஷயத்தைச் சொன்னேன். நந்தினி அனுப்பியிருந்த ஏட்டின் படத்தை என் கைப்பேசியில் காட்டினேன். அவள் அதை வாங்கி அந்த வரியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அல்லாவே, எழுதியா வச்சிருந்தாரு? நான் சும்மா கேட்டுக்கிட்டாருன்னுல்லா நெனச்சேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "பலகையில போடுவாங்களாக்கா? பேரு முழுசாவா?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நகம் பிய்ந்தது, ஏழும் இறுகல் என்று சொன்னது, மூங்கில், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒனக்காகத்தாம்ட்டி சொன்னேன்" என்று முடித்தேன்.

அவள் முகம் மாறியது. வெங்காயத் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"எனக்காகவா? நான் கேட்டனா?"

"இல்லட்டி, ஒம் பேச்சு நிக்கணுமேன்னு..."

"எம் பேச்சு தானா நிக்கத்தாம்க்கா செஞ்சுது. நீங்க கூட்டுததுக்கு முன்னாடி, விடிஞ்சதும் மொதல்ல அந்தத் தரையச் சொரண்டுனது நான். ஏழு வட்டத்துலயும் வெரல விட்டுப் பாத்துட்டுத்தான் எனக்கு அந்த நெனப்பே வந்துச்சு. மண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்குல்லா தெரியும்!"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மூலையில நாலும் இறுகல். நடுவுல ரெண்டு இறுகல். ஒண்ணு மட்டும் பொலபொலன்னு கெடந்துச்சு. சார் கேட்டா அதச் சொல்லணும்னு நின்னேன். ஒங்க பக்கத்துலதான் நின்னேன். அவரு ஒங்களக் கேட்டாரு. நீங்க ஏழும் இறுகல்னுட்டிய."

"அப்பவே சொல்லியிருக்கலாமேட்டி?"

"எப்படிச் சொல்ல? நீங்க எங்க எல்லாருக்கும் பெரிய ஆளு. அத்தன பேரு முன்னாடி ஒங்களப் பொய்க்காரின்னு சொல்லவா?" அவள் குரல் உடைந்தது. "ஒண்ணு பொலபொலன்னு இருந்துச்சுன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா, அந்த ஒண்ண விட்டுட்டு மத்த ஆறையும் அவரு நம்பியிருப்பாரோ என்னமோ. ஏழும்னு நீங்க சொன்னதுலதான் எல்லாம் போச்சோ என்னமோ. இப்ப அது யாருக்குத் தெரியும்?"

பொலபொலவென்று இருந்தது அண்ணாச்சியின் மூங்கிலா, எலி வளையா? மூன்று மூங்கில் ஊன்றினோமே, ஒரு குழிதானே பொலபொலத்தது, அப்படியானால் நான் பிடித்துக்கொண்டு நின்றது பக்கத்து டிரெஞ்சுதானா? என் பொய்யில் பாதி மெய்யா? பெண்கள் பேச்சை ஒருத்தரும் கேட்பதில்லை என்று வாழ்க்கை முழுக்கக் கத்தியவள் நான். பார்த்தவள் பக்கத்தில் நிற்க, பார்க்காத நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். ஆயிஷா தட்டை இழுத்து மறுபடி வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்தபோதுதான் வாசல்வரை வந்தாள்.

"யக்கா, பலகையில எம் பேரு வரணும். வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்ததத்தான் போடணும். ஆறு இறுகல், ஒண்ணு பொலபொலன்னு. அதையும் சேத்துப் போடச் சொல்லுங்க."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, மறுபடியும் அவள் சொல்ல வேண்டியதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிலும் ஒரு வார்த்தையை நான் மாற்றியிருக்க மாட்டேன் என்று என்ன நிச்சயம்?

ஆகவே நந்தினி, நீ கேட்ட கையெழுத்தை நான் போடப் போவதில்லை. இந்தக் கட்டுரையை என் குற்றத்துக்கு மட்டும் சாட்சியாக வைத்துக்கொள். நாளைக்கே பத்தமடைக்குப் போய், அந்த மண் எப்படி இருந்தது என்று ஆயிஷா பீவியிடம் கேள். என்னைக் கூட்டிப் போகாதே. நான் பக்கத்தில் இருந்தால் வாயைத் திறந்துவிடுவேன்.